2147483647: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிரல் எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகப் பழகிய எண். எண் கோட்பாடு படித்தவர்களுக்கு இது பதினெட்டாம் நூற்றாண்டுக் கணிதவியலாளர் ஆய்லர் நிரூபித்த பகா எண். இரண்டு பக்கத்திலிருந்தும் கேள்விகள் வருகின்றன, பதில்கள் பல இடங்களில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும். நடுவில் ஓரிரு இடங்களில் மட்டும் காகிதம், பேனா எடுத்துக்கொள்வது நல்லது.

இதை எப்படி வாசிப்பது? எவ்வளவு பெரிய எண்?

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. மொத்தம் பத்து இலக்கங்கள்.

31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும்: 2³¹ − 1. இரும எண்ணாக எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள் வரும், நடுவில் ஒரு பூஜ்ஜியம் கூடக் கிடையாது. இந்த வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இதிலிருந்தே வருகின்றன.

2, 3, 5, 7 என்று பகா எண்களை எண்ணிக்கொண்டே போனால் இது 10,50,97,565-ஆவது. முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. இந்த உயரத்தில் பகா எண்களுக்கு இடையே சராசரியாக 21 அல்லது 22 இடைவெளி இருக்கும். இங்கே 18, 12 என்று இருப்பதால் அக்கம்பக்கம் கொஞ்சம் நெருக்கம்தான். ஆனால் இரட்டைப் பகா எண் (இரண்டே வித்தியாசத்தில் ஜோடியாக வரும் பகா எண்) இல்லை. இரண்டைக் கழித்தால் 5-இல் முடியும், இரண்டைக் கூட்டினால் 3-ஆல் வகுபடும். அப்படி வகுத்தால் வரும் 715827883 ஒரு பகா எண் என்பது உபரிச் செய்தி.

இது பகா எண் என்று முதலில் சொன்னது யார்?

சொன்னவர் ஒருவர், நிரூபித்தவர் வேறொருவர்.

இத்தாலியின் பொலோனியாவைச் சேர்ந்த பியெத்ரோ கதால்தி 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டும் பகா எண்கள் என்று ஒழுங்காக வகுத்துப் பார்த்து நிரூபித்தார். 1603-இல் வெளியிட்ட நூலில் அதற்கு மேலும் போய் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளுக்கும் பகா எண்தான் வரும் என்று சொல்லிவிட்டார். 1640-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா அதில் இரண்டைத் தகர்த்தார்: 2²³ − 1 என்பது 47 × 178481, 2³⁷ − 1 என்பது 223 × 616318177. 1738-இல் ஆய்லர் மூன்றாவதைத் தகர்த்தார்: 2²⁹ − 1 என்பது 233 × 1103 × 2089. நான்கில் மிஞ்சியது 31 மட்டும்தான்.

இடையில் 1644-இல் மரின் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி ஒரு பட்டியல் கொடுத்தார். 257 வரை எந்த அடுக்குகளுக்குப் பகா எண் வரும் என்பதற்கு அவர் சொன்னவை 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இவற்றில் 67-உம் 257-உம் தவறு. 61, 89, 107 விட்டுப்போய்விட்டன. அன்றைக்கு இவ்வளவு பெரிய எண்களைச் சோதிக்க யாரிடமும் வழி இல்லை, மெர்சென்னிடமும் இல்லை. இருந்தும் இந்த வகை எண்களுக்கு அவர் பெயர்தான் நிலைத்துவிட்டது. கதால்திக்கு இது அநியாயம் என்று எனக்குத் தோன்றும்.

31-க்கான நிரூபணம் 1772-இல் வந்தது. ஆய்லர் அப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இருந்தார். 65 வயதை ஒட்டிய காலம், கண்பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டிருந்தது. பெர்னூலி குடும்பத்தின் இளையவர்களில் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இந்த முடிவைச் சொன்னார். வரிசையில் இது எட்டாவது மெர்சென் பகா எண்.

கணினி இல்லாத காலத்தில் பத்து இலக்க எண்ணை எப்படிச் சோதித்தார்?

நேர்வழியில் போனால் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றே தாண்டும். அதற்குள் சுமார் 4,800 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனை வகுத்தல்களையும் ஒருவர் கையால் செய்யலாம், ஆனால் நடுவில் ஓர் இடத்தில் பிசகினாலும் முழு உழைப்பும் வீண். ஆய்லர் அந்தப் பட்டியலையே சுருக்கினார்.

2³¹ − 1-ஐ மீதியில்லாமல் வகுக்கும் பகா எண் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 'ப' என்று அழைப்போம். அப்படியானால் 2³¹-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 1. இரண்டின் எந்த அடுக்கு முதன்முதலில் மீதி 1 தருகிறதோ, மீதி 1 தரும் மற்ற அடுக்குகள் எல்லாம் அதன் மடங்குகளாகத்தான் இருக்கும். ஆகவே அந்த முதல் அடுக்கு 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண் என்பதால் அது 1 அல்லது 31. ஒன்றாக இருக்க முடியாது, ஏனென்றால் 2-ஐ எந்தப் பகா எண்ணால் வகுத்தாலும் மீதி 1 வராது. ஆக, அது 31.

அடுத்து ஃபெர்மாவின் சிறிய தேற்றம். ப என்ற ஒற்றைப்படைப் பகா எண்ணுக்கு, 2-இன் (ப − 1)-ஆவது அடுக்கை ப-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே ப − 1 என்பது 31-இன் மடங்கு. ப ஒற்றைப்படை, ஆகவே ப − 1 என்பது 62-இன் மடங்கு. இதிலேயே பட்டியல் வெகுவாகக் குறைந்துவிட்டது.

இன்னொரு வடிகட்டியும் உண்டு. 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது ப-ஆல் வகுக்கும்போது 2 என்ற மீதி ஒரு வர்க்கத்திலிருந்து வருகிறது. இப்படி நடக்க வேண்டுமானால் ப-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரலாம். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், ப-ஐ 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63.

46,340 வரை இப்படிப்பட்ட எண்கள் 373. முதல் எண்ணான 63 பகா எண் இல்லை என்பது பார்த்தவுடனே தெரியும், அதை நீக்கினால் 372. "அதிகபட்சம் 372 வகுத்தல்" என்று இந்த நிரூபணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்லும் கணக்கு இதுதான். அந்த 372-லும் பகா எண்களை மட்டும் எடுத்தால் போதும்: 249-ஐ 3 வகுக்கும், 497-ஐ 7 வகுக்கும், 559 என்பது 13 × 43. இப்படித் தள்ளிக்கொண்டே போனால் சோதிக்க வேண்டியவை 311, 1303, 1489 என்று தொடங்கி சுமார் 80 எண்கள்தான். 311-ஆல் வகுத்தால் மீதி 35. 1303-ஆல் வகுத்தால் மீதி 226. இப்படியே கடைசி வரை எதுவும் சரியாக வகுக்காது.

4,800 வகுத்தல் எங்கே, 80 எங்கே. ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து பேனாவால் முடிக்கக்கூடிய அளவுக்கு வேலை இறங்கிவிட்டது.

வகுக்காமலே நிரூபிக்க முடியுமா?

முடியும், அதுவும் அழகாக. பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூக்கா 1870-களில் கண்டுபிடித்து, அமெரிக்காவின் டெரிக் ஹென்றி லேமர் 1930 வாக்கில் செப்பனிட்ட சோதனை இது. 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2 கழியுங்கள். 2147483647-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதையே 29 முறை செய்யுங்கள். கடைசியில் பூஜ்ஜியம் வந்தால் பகா எண், வேறு எது வந்தாலும் பகு எண். 29 எப்படி வந்தது? அடுக்கான 31-இலிருந்து இரண்டைக் கழித்தது.

4, 14, 194, 37634, 1416317954. இதுவரை வகுக்கவே வேண்டியதில்லை, வெறும் வர்க்கம்தான். அடுத்தது 669670838. அதற்கப்புறம் எந்த ஒழுங்கும் இல்லாத பெரிய எண்களாகத் தாவிக்கொண்டே போகும். 28-ஆவது முறை திடீரென்று 65536 வந்து நிற்கும். 29-ஆவது முறை பூஜ்ஜியம்.

அந்த 65536 தற்செயல் இல்லை. பூஜ்ஜியத்துக்கு முந்தைய எண்ணின் வர்க்கம் 2 என்ற மீதியைத் தந்தாக வேண்டும். 2³²-க்கும் மீதி 2 என்று மேலே பார்த்தோம். ஆகவே முந்தைய எண் 2¹⁶ ஆகவோ அதன் எதிர்மறையாகவோ இருந்தே தீர வேண்டும். 2¹⁶ என்பதுதான் 65536. நிரல் எழுதி ஓட்டுகிறவர்கள் கடைசிப் பூஜ்ஜியத்தோடு நிறுத்திவிடாமல் அதற்கு முந்தைய வரியையும் அச்சிட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால் இந்த எண்ணின் மிக அழகான குணம் அதுதான்.

ஃபெர்மா சோதனை இன்னும் எளிதாயிற்றே, 2-ஐ வைத்துப் பார்த்தால் போதாதா?

எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி, எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. இந்த வகை எண்களுக்கு மட்டும் அது பயனற்றது. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் எந்த மெர்சென் எண்ணும் 2-ஐ வைத்துச் செய்யும் ஃபெர்மா சோதனையில் தேறிவிடும், பகு எண்ணாக இருந்தாலும் சரி. 2¹¹ − 1 = 2047 = 23 × 89. அதுவும் தேறும். 3-ஐ வைத்துப் பாருங்கள், 2047 மாட்டிக்கொள்ளும். ஆனால் ஃபெர்மா சோதனையில் தேறியதை மட்டும் வைத்துப் பகா எண் என்று முடிவு கட்டிவிட முடியாது. எந்த எண்ணாக இருந்தாலும் ஐயத்துக்கு இடமில்லாமல், ஏற்கத்தக்க நேரத்தில் தீர்ப்புச் சொல்லும் பொது வழியை 2002-இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா கண்டுபிடித்தார்கள். மெர்சென் எண்களுக்கு லூக்கா–லேமர் சோதனையே அதைவிட வெகு வேகம் என்பதால் இங்கே அது தேவைப்படுவதில்லை.

எவ்வளவு காலம் உலகின் மிகப் பெரிய பகா எண்ணாக இருந்தது?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் 1772 முதல் 1867 வரை, 95 ஆண்டுகள். 1867-இல் ஃபோர்த்தூனே லாந்திரி 2⁵⁹ − 1-ஐக் காரணிப்படுத்தி 3203431780337 என்ற பகா எண்ணைக் கண்டார். ஆனால் தோமஸ் கிளாசன் 1855-இலேயே 2⁶⁴ + 1-ஐக் காரணிப்படுத்தி 67280421310721 என்ற எண்ணைக் கணிதவியலாளர் கவுஸுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். அது பலருக்கும் தெரியாமலே கிடந்தது. கறாராகப் பார்த்தால் நம் எண்ணின் ஆட்சி 83 ஆண்டுகள்தான்.

1811-இல் ஆங்கிலக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ, இதிலிருந்து கிடைக்கும் நிறைவெண்ணைக் குறிப்பிட்டு, இதைவிடப் பெரியது இனிக் கண்டுபிடிக்கப்படாது என்று எழுதினார். காரணம்: இவை வெறும் வியப்புக்குரியவை, பயன் இல்லாதவை, எனவே யாரும் மெனக்கெட மாட்டார்கள். மனிதர்களைப் பற்றி இவ்வளவு தவறாகக் கணித்தவர்கள் குறைவு. பயன் இல்லை என்று தெரிந்தே மெனக்கெடுகிறவர்களுக்கு அன்றும் பஞ்சமில்லை, இன்றும் இல்லை.

அந்த நிறைவெண் எது?

2305843008139952128. 19 இலக்கங்கள். தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளை எல்லாம் கூட்டினால் தானே வரும் எண்தான் நிறைவெண்: 6 = 1 + 2 + 3. ஒரு மெர்சென் பகா எண்ணை அதற்குரிய இரண்டின் அடுக்கால் பெருக்கினால் நிறைவெண் கிடைக்கும் என்று யூக்ளிட் காட்டினார். இங்கே அது 2³⁰ × 2147483647. இரட்டைப்படை நிறைவெண்கள் எல்லாமே இந்த வழியில்தான் வரும் என்று காட்டியவர், மறுபடியும், ஆய்லர்.

இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா?

முடியாது. 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் பகா எண் எதையும் அப்படி எழுத முடியாது. மூன்று வர்க்கங்களாக? அதுவும் முடியாது, 8-ஆல் வகுத்தால் மீதி 7 வருகிறது. நான்கு வேண்டும். எந்த எண்ணுக்கும் நான்கு போதும் என்பது லக்ராஞ்சு 1770-இல் நிரூபித்த தேற்றம். ஒரு வழி இதோ: 46339² + 425² + 10² + 1². கூட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கணினியில் எங்கே பார்த்தாலும் இந்த எண் ஏன் வருகிறது? பகா எண் என்பதாலா?

இல்லை. 32 பிட்டுகளில் (பிட் என்பது ஓர் இரும இலக்கம்) ஒன்றைக் கூட்டல்–கழித்தல் குறிக்கு விட்டுவிட்டால் மிஞ்சுவது 31 பிட்டுகள். அவை எல்லாமே ஒன்றாக இருக்கும்போது வருவது 2³¹ − 1. குறியுடன் கூடிய 32 பிட் முழு எண்ணின் உச்சம் அதுதான். சி, ஜாவா மொழிகளில் சாதாரண 'இன்ட்' வகை இங்கேதான் முடிகிறது. அது பகா எண்ணாகவும் அமைந்தது தற்செயல். 8 பிட்டின் உச்சமான 127 பகா எண்தான். ஆனால் 16 பிட்டின் 32767 என்பது 7 × 31 × 151. 64 பிட்டின் உச்சம் 7-ஆல் இரண்டு முறை வகுபடும். 15, 63 என்ற அடுக்குகளே பகு எண்கள் என்பதால் அவை பகா எண்ணாக வருவதற்கு வாய்ப்பே கிடையாது.

கைபேசி எண்ணைச் சேமித்தால் தரவுத்தளத்தில் 2147483647 என்று விழுகிறது. ஏன்?

மை எஸ்கியூஎல் தரவுத்தளத்தில் அந்த நெடுவரிசையை 'இன்ட்' என்று வைத்திருக்கிறீர்கள். இந்தியக் கைபேசி எண்கள் எல்லாம் 6, 7, 8, 9-இல் தொடங்கும் பத்து இலக்கங்கள். ஆக எல்லாமே இந்த உச்சத்துக்கு மேல். கண்டிப்பு முறை (ஸ்டிரிக்ட் மோட்) அணைக்கப்பட்டிருந்தால் தரவுத்தளம் பிழை சொல்லாமல் உச்ச எண்ணை எழுதி வைத்துவிடும், எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே எண் என்று காட்டும். பழைய எண்களை அதிலிருந்து மீட்க முடியாது. கைபேசி எண்ணை எழுத்துச் சரமாகச் சேமியுங்கள். அதை வைத்து யாரும் கூட்டல், பெருக்கல் செய்யப்போவதில்லை.

2038 பிரச்சினை என்பது இதுதானா?

ஆம். யூனிக்ஸ் கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளை எண்ணி நேரத்தை வைத்துக்கொள்கின்றன. அந்த எண்ணிக்கை 2147483647-ஐத் தொடுவது 2038 ஜனவரி 19, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு. 32 பிட்டில் எண்ணும் கருவியில் அடுத்த நொடி −2147483648 ஆகிவிடும். தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும். இன்றைய கணினிகளும் கைபேசிகளும் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. வருடக்கணக்கில் யாரும் திறந்து பார்க்காத பழைய கட்டுப்பாட்டுக் கருவிகள்தான் கவலைக்குரியவை. 2014 டிசம்பரில் ஒரு கொரியப் பாட்டின் பார்வை எண்ணிக்கை இந்த எல்லையைத் தாண்டியதும், யூடியூப் தன் எண்ணிக்கையை 64 பிட்டுக்கு மாற்றியதும் இதே கதையின் கொஞ்சம் கலகலப்பான பக்கம்.

அப்படியானால் பகா எண் என்ற குணத்தால் பயனே இல்லையா?

உண்டு. சமவாய்ப்பு எண்களை உருவாக்குவதில்தான் அது முதலில் கைகொடுத்தது.

முந்தைய எண்ணை 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகு, மீதி அடுத்த எண். அவ்வளவுதான் முறை. 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று போகும். 1 முதல் 2147483646 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு முறை வந்த பிறகுதான் சுற்று மறுபடி தொடங்கும். இப்படி ஒன்று விடாமல் சுற்ற வேண்டுமானால் வகுக்கும் எண் பகா எண்ணாக இருக்க வேண்டும், பெருக்கும் எண்ணையும் பொறுக்கி எடுக்க வேண்டும். நம் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. இந்தக் காரணிகளை வைத்துச் சோதித்தால், முழுச் சுற்றும் தரும் மிகச் சிறிய எண் 7 என்று தெரியும். 5 என்பது அந்தக் காரணிகளில் இல்லை, அதனால் 7⁵-உம் முழுச் சுற்று தரும். அதுதான் 16807.

1969-இல் ஐபிஎம் 360 கணினிகளுக்காக லூயிஸ், குட்மேன், மில்லர் மூவரும் இந்த இணையை முன்வைத்தார்கள். 1988-இல் பார்க், மில்லர் இருவரும் குறைந்தபட்சம் இதையாவது பயன்படுத்துங்கள் என்று வலியுறுத்தினார்கள். அப்போது புழக்கத்தில் இருந்தவை அவ்வளவு மோசம். குறிப்பாக 'ராண்டு' என்ற பழைய முறை. அதில் வகுக்கும் எண் 2³¹, பெருக்கும் எண் 65539. அடுத்தடுத்த மூன்று எண்களை ஒரு புள்ளியாக எடுத்து முப்பரிமாணத்தில் குறித்தால் எல்லாப் புள்ளிகளும் வெறும் 15 தளங்களில் போய் ஒட்டிக்கொள்ளும்.

சி++ மொழியின் நூலகத்தில் 16807 முறை இன்றும் இருக்கிறது. 1-இல் தொடங்கி 10,000 முறை ஓட்டினால் 1043618065 வர வேண்டும், நிரலைச் சரிபார்க்க அதுவே அளவுகோல். ஆனால் புதிதாக எழுதும் எதற்கும் இதை எடுக்காதீர்கள். இன்றைய கணினி முழுச் சுற்றையும் சில நொடிகளில் முடித்துவிடும். கடவுச்சொல், ஒருமுறைக் குறியீடு போன்றவற்றுக்கு அறவே கூடாது: ஓர் எண் தெரிந்தால் அடுத்தது தெரிந்துவிடும்.

இதனால் வகுப்பது எளிது என்கிறார்களே, அது எப்படி?

2³¹-க்கு மீதி 1. ஆகவே ஒரு பெரிய எண்ணை இரும வடிவில் வலப்பக்கமிருந்து 31 பிட்டுக்கு ஒரு துண்டாக வெட்டி, துண்டுகளைக் கூட்டினால் போதும். பதின்ம எண்ணில் 9-ஆல் வகுக்க இலக்கங்களைக் கூட்டுகிறோமே, அதே உத்திதான்.

மேலே உள்ள வரிசையையே எடுத்துக்கொள்வோம். 282475249 × 16807 = 4747561509943. இதன் மேல்துண்டு 2210, கீழ்த்துண்டு 1622647863. கூட்டினால் 1622650073. வரிசையில் அடுத்து வந்த எண் அதுவேதான். வகுத்தல் கட்டளையே இல்லாமல் மீதி கிடைத்துவிட்டது. கூட்டல் தொகை 2147483647-ஐத் தாண்டினால் ஒருமுறை கழிக்க வேண்டும், அவ்வளவே.

இன்னொரு வேடிக்கை: 2-ஆல் பெருக்கி மீதி எடுப்பது என்பது இங்கே 31 பிட்டுகளையும் ஓர் இடம் சுழற்றுவதுதான். இடக்கோடியில் வெளியே விழும் பிட் வலக்கோடியில் வந்து ஒட்டிக்கொள்ளும். 31 முறை செய்தால் பழைய எண்ணே திரும்ப வரும்.

சங்கேதத் துறையில் பயன்படுமா?

ஆர்எஸ்ஏ போன்ற மறையாக்க முறைகளில் ரகசியப் பகா எண்ணாக வைக்க இது ஆகாது. அங்கே ஒவ்வொன்றும் 300 இலக்கங்களைத் தாண்ட வேண்டும், எல்லோருக்கும் தெரிந்த எண்ணாகவும் இருக்கக் கூடாது.

ஆனால் அண்மைக் காலத்தில் வேறொரு வாசல் திறந்திருக்கிறது. ஒரு கணக்கைச் சரியாகச் செய்தேன் என்று, முழுக் கணக்கையும் திரும்பச் செய்யாமலே அடுத்தவர் சரிபார்க்கும்படி சான்று தரும் முறைகள் வந்துள்ளன. அவற்றில் சிலவற்றுக்கு 2-இன் பெரிய அடுக்கு ஒன்றின் அளவுள்ள சுழற்சி வேண்டும். நம் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் 2-ஆல் ஒரே ஒரு முறைதான் வகுபடுகிறது, அந்த வழி அடைபட்டது. ஒன்றைக் கூட்டினால்? 2³¹. முழுக்க முழுக்க இரண்டுகள். 2147483647-ஆல் வகுக்கும்போது வரும் மீதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, x² + y² = 1 என்ற வட்டச் சமன்பாட்டுக்குத் தீர்வான புள்ளிகளை எண்ணினால் சரியாக 2³¹ புள்ளிகள் கிடைக்கும். 2024-இல் வெளியான 'சர்க்கிள் ஸ்டார்க்' என்ற முறை அந்த வட்டத்தின் மேல்தான் நிற்கிறது. 32 பிட் எண்களோடு வேலை செய்வதால் வேகமும் அதிகம். பயனற்றது என்று பார்லோ எழுதி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

இன்றைய மிகப் பெரிய பகா எண் எது?

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. இலக்கங்கள் 4,10,24,320. 'கிம்ப்ஸ்' என்ற தன்னார்வக் கூட்டுத் தேடலில் லூக் டுராண்ட் என்ற அமெரிக்கர் கண்டார். இதுவும் மெர்சென் வகைதான், லூக்கா–லேமர் சோதனையால்தான் உறுதி செய்தார்கள். இதுவரை தெரிந்த மெர்சென் பகா எண்கள் 52. இந்த வரிசை முடிவில்லாமல் போகுமா என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

இரண்டின் அடுக்காக 2147483647-ஐயே போட்டு ஒன்றைக் கழித்தால் அதுவும் பகா எண்ணா?

ஆசை நியாயமானது. 31 தானே ஒரு மெர்சென் பகா எண் (2⁵ − 1). அதை அடுக்காகப் போட்டால் வந்ததும் பகா எண். 3, 7, 31, 127 ஆகிய நான்கு மெர்சென் பகா எண்களையும் அடுக்காகப் போட்டால் பகா எண்தான் வருகிறது: 7, 127, 2147483647, அப்புறம் 39 இலக்கம் கொண்ட 2¹²⁷ − 1. ஆனால் நம் எண்ணை அடுக்காகப் போட்டால் வரும் எண் பகு எண். அதற்கு 64 கோடியே 64 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். எழுதி முடிக்கவே முடியாத அந்த எண்ணை 295257526626031 என்ற 15 இலக்க எண் மீதியில்லாமல் வகுக்கும். ஆய்லரின் வடிகட்டி இங்கேயும் பொருந்துகிறது: இந்தக் காரணியிலிருந்து ஒன்றைக் கழித்தால் 2 × 68745 × 2147483647.

8191, 131071, 524287 ஆகிய மெர்சென் பகா எண்களை அடுக்காகப் போட்டாலும் பகு எண்கள்தான் வருகின்றன. அடுத்தது 2⁶¹ − 1 என்ற அடுக்கு. அதில் வரும் எண்ணை லூக்கா–லேமர் சோதனைக்கு உட்படுத்த எந்தக் கணினியாலும் ஆகாது. சிறிய காரணி ஏதாவது சிக்குமா என்று துழாவுவது ஒன்றுதான் வழி, இதுவரை எதுவும் சிக்கவில்லை.